இரவுத் திருவிழாவில் தெளிவான படம்: கேமராவில் ஐ.எஸ்.ஓ அளவை மாற்றுவது எப்படி?

அடுகோடி (பெங்களூரு): சைத்ர மாதப் பௌர்ணமி நள்ளிரவில் பெங்களூரு தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. அடுகோடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடைபெறும் இந்த ஊர்வலத்தில், மல்லிகை சூடிய கரகமும் வாளேந்திய வீரகுமாரர்களும் சில நொடிகளில் கடந்துவிடுவர். படம் இருண்டாலோ கலங்கினாலோ மறுவாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். இத்தகைய இழப்பைத் தவிர்க்க உதவுவது கேமராவின் ஐ.எஸ்.ஓ அமைப்பாகும்.

ஐ.எஸ்.ஓ என்றால் என்ன?

குறிப்பிட்ட வெளிச்சத்தில் படம் எவ்வளவு பிரகாசமாகப் பதிவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணே ஐ.எஸ்.ஓ. 100, 200, 400, 800, 1600, 3200 என அது இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், அதே பிரகாசத்துக்குத் தேவைப்படும் ஒளி பாதியாகக் குறைகிறது.

உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிம் புழக்கத்தில் இருந்த காலத்தில், கேமராவில் இட்ட சுருள் முடியும்வரை அதன் வேகம் மாறாது. டிஜிட்டல் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் இதனை மாற்றலாம். இவற்றுக்கான ஐ.எஸ்.ஓ 12232 தரநிலை 1998-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது.

எவ்வளவு வைக்கலாம்?

தெருவிளக்கு வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ 100-க்கு 1/8 நொடி ஷட்டர் வேகம் தேவைப்படுவதாகக் கொள்வோம். நடப்பவரின் உருவம் அதில் கலங்கிவிடும். லென்ஸ் திறப்பை மாற்றாமல் ஐ.எஸ்.ஓ-வை 1600 ஆக உயர்த்தினால் ஷட்டர் வேகத்தை 1/125 நொடியாகவும், 3200 ஆக உயர்த்தினால் 1/250 நொடியாகவும் வைக்கலாம்.

பகலில் அருகிலுள்ள லால்பாக் பூங்காவின் திறந்தவெளியில் 100 முதல் 200 வரையும், மரநிழலில் 400 முதல் 800 வரையும் பெரும்பாலும் போதுமானவை.

உயர்த்துவதால் என்ன பாதிப்பு?

ஐ.எஸ்.ஓ-வை உயர்த்துவதால் சென்சாரில் விழும் ஒளி கூடுவதில்லை. கிடைத்த குறைந்த ஒளியின் சமிக்ஞையே பெருக்கப்படுகிறது. எனவே நிழல் பகுதிகளில் 'நாய்ஸ்' எனப்படும் புள்ளிகள் தென்படும். விளக்குகளும் தீப்பந்தங்களும் விவரமற்ற வெண்மையாகிவிடக் கூடும். எனினும், புள்ளிகளை மென்பொருள் மூலம் ஓரளவு குறைக்கலாம். அசைவால் கலங்கிய முகத்தை மீட்பது கடினம்.

செய்ய வேண்டியவை

1. லென்ஸ் திறப்பை இயன்றவரை அகலமாக்க வேண்டும். அதாவது, எஃப் எண் சிறியதாக இருக்க வேண்டும்.

2. காட்சியின் அசைவுக்கேற்ப ஷட்டர் வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

3. பிறகு ஐ.எஸ்.ஓ பொத்தானை அழுத்தியோ மெனுவிலோ, தேவையான அளவுக்கு மட்டும் எண்ணை உயர்த்த வேண்டும். கைப்பேசியில் 'புரோ' முறையில் இவ்வசதி பெரும்பாலும் இருக்கும்.

4. வெளிச்சம் அடிக்கடி மாறும் இடங்களில் 'ஆட்டோ ஐ.எஸ்.ஓ'-வைத் தேர்ந்து, உச்ச வரம்பையும் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தையும் நிர்ணயிக்கலாம்.

5. கோபுரம், கட்டடம் போன்ற அசையாத காட்சிகளுக்கு முக்காலியைப் பயன்படுத்தினால், இரவிலும் ஐ.எஸ்.ஓ 100 போதும்.

ஒவ்வொரு கேமராவின் திறனும் வேறுபடும் என்பதால், திருவிழாவுக்கு முந்தைய இரவே தெருவிளக்கின் கீழ் ஒரே காட்சியை 800, 1600, 3200, 6400 அளவுகளில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. படமெடுத்து முடித்ததும் ஐ.எஸ்.ஓ-வைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்தால், மறுநாள் பகலில் எடுக்கும் படங்களின் தரம் பாதிக்கப்படும் என்பதும் குறிப்பிடத்தக்கது.