'டேக்' என்னும் ஆங்கில வினை: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழி பிறமொழிச் சொற்களைக் கடன்பெறுவது வரலாற்றிற் புதிதன்று. ஆயினும் அவ்வாறு கடன்பெறப்படுவன பெரும்பாலும் பெயர்ச்சொற்களே. புதிய பொருளொன்று கரையில் வந்திறங்கும்போது அதன் பெயரும் உடன்வந்திறங்குகின்றது. போர்த்துக்கேயரோடு அலுமாரியும் சப்பாத்தும், ஒல்லாந்தரோடு கந்தோரும் ஈழத்துத் தமிழுக்கு வந்தமை இவ்வகையினதே. ஆனால், கொள்ளுதல், கொடுத்தல், அழைத்தல், இறத்தல் ஆகிய செயல்களைக் குறிக்கும் அடிப்படை வினைகளை எந்த மொழியும் எளிதிற் கைவிடுவதில்லை. அச்செயல்கள் எவராலும் புதிதாகக் கொண்டுவரப்படுவன அல்ல. இப்பொதுநிலைக்கு மாறாக, ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான வினைகளுள் ஒன்றாகிய 'டேக்', கடலோடி வந்த அந்நியரின் சொல்லாகும். அச்சொல் ஆங்கிலத்திற் குடியேறிய வரலாற்றையும், அதன் பொருள்விரிவையும், அவ்விரிவு தமிழின் 'எடு' என்னும் வினையைத் தொட்டுள்ளவாற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டிலிருந்து பிரித்தானியாவிற் குடியேறிய ஆங்கிலர், சக்சன் ஆகிய ஜேர்மானிய இனத்தவர் 'எடுத்தல்', 'கொள்ளுதல்' என்னும் பொருளில் வழங்கிய வினை 'நிமன்' என்பதாகும். இன்றைய ஜேர்மன் மொழியில் அப்பொருளில் வழங்கும் 'நேமன்' இதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கில நூல்களில் 'நிமன்' பெருவழக்காக விளங்கியது. இத்துணை உறுதியாக வேரூன்றிய சொல் எவ்வாறு வழக்கிழந்தது என்பதே வினா.

793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையோரத்திலுள்ள லிண்டிஸ்பார்ன் துறவியர் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடினர். 865இல் டென்மார்க்கினரின் பெரும்படையொன்று வந்திறங்கியது. அப்படையினர் கொள்ளையிட்டுத் திரும்புவோராக அல்லாமல் நிலத்தை வென்று நிலைகொள்வோராக மாறினர். வெசெக்ஸ் அரசனான அல்பிரட் 878இல் எடிங்டன் என்னுமிடத்தில் அவர்களை வென்றானெனினும், அவர்களை நாட்டைவிட்டு அகற்ற இயலவில்லை. பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கையால் இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் டேனியர் ஆட்சிக்குரியனவாயின. டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலுள்ள 'பி' என்பது அவர்தம் மொழியிற் பண்ணையையோ ஊரையோ குறிப்பது. படையெடுத்து வந்தோர் பயிரிடுவோராயினர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

டேனியரின் நோர்ஸ் மொழியும் பழைய ஆங்கிலமும் ஒரே ஜேர்மானியக் குடும்பத்தின. ஒருவர் பேசுவதை மற்றவர் ஓரளவேனும் விளங்கிக்கொள்ளக்கூடிய நெருக்கம் அவற்றிடையே நிலவியது. வயலிலும் சந்தையிலும் பழகியோர் காலப்போக்கில் மணவுறவாலும் இணைந்தனர். இத்தகைய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரு மொழிகளின் எல்லை தெளிவாக இருந்திருக்க முடியாது. 'டேக்' மட்டுமன்றி, அடைதலைக் குறிக்கும் 'கெற்', அழைத்தலைக் குறிக்கும் 'கோல்', இறத்தலைக் குறிக்கும் 'டை' ஆகியனவும், 'அவர்கள்' என்னும் பொருள்தரும் 'தே' என்ற பதிலிடுபெயரும் நோர்ஸ் மொழியின் கொடைகளே. அரச கட்டளை எதுவும் இவற்றைப் புகுத்தவில்லை. அடுக்களையும் முற்றமுமே இவற்றை ஏற்றுக்கொண்டன.

நோர்ஸ் மொழியில் 'தாக்க' என்றிருந்த இவ்வினை, ஆங்கில எழுத்துச் சான்றுகளில் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தலைகாட்டுகின்றது. பேச்சில் நெடுங்காலம் பயின்ற பின்னரே ஒரு சொல் ஏட்டிலேறுகின்றது என்பதை இக்காலத்தாழ்ச்சி உணர்த்தும். அதன் பின்னரும் மாற்றம் நாடெங்கும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. இங்கிலாந்தில் அச்சுத்தொழிலைத் தொடக்கிவைத்த வில்லியம் கக்ஸ்டன், 1490இல் தாம் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றார். தேம்சு நதிவழியே கடல்கடக்க வந்த வணிகனொருவன், காற்று வாய்க்காது கரையிற் காத்திருந்தபோது ஒரு வீட்டில் முட்டை கேட்டான். அவன் வழங்கிய சொல் நோர்ஸ் வழிவந்த 'எக்' என்பது. அவ்வீட்டுப் பெண் அறிந்ததோ பழைய ஆங்கிலச் சொல்வழி வந்த பிறிதொரு வடிவம். தனக்குப் பிரெஞ்சுமொழி தெரியாதென அவள் விடையிறுத்தாள். பிரெஞ்சு அறியாத வணிகனோ சினங்கொண்டான். ஒரு நாட்டினர் இருவரிடையே, வடக்கின் சொல்லும் தெற்கின் சொல்லும் அந்நாள்வரை போட்டியிட்டு நின்றமைக்கு இது தக்க சான்றாகும்.

'நிமன்' அடைந்த கதி இரங்கத்தக்கது. பொதுவழக்கிலிருந்து ஒதுக்கப்பட்ட அச்சொல், பிற்காலத்தில் 'நிம்' எனக் குறுகி, திருடுதல் என்னும் இழிபொருளில் வழங்கலாயிற்று. சேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் களவாடித் தூக்கிலிடப்படும் நிம் என்னும் பாத்திரத்தின் பெயர் இவ்வழக்கை நினைவூட்டுவது. கைகால் மரத்துப்போதலைக் குறிக்கும் 'நம்' என்ற சொல்லும் அவ்வினையின் எச்சமேயாகும். உணர்ச்சி 'எடுக்கப்பட்ட' நிலை என்பதே அதன் அடிப்பொருள்.

வந்தேறிய சொல்லோ வளர்ந்துகொண்டே சென்றது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு ஆள்வோர் மொழியாயிற்று. விடைபெறுதல் போன்ற கருத்துகளைப் பிரெஞ்சுமொழி 'எடுத்தல்' வினையோடு கூட்டி உரைக்கும். அத்தொடர்களின் சாயலில் அமைந்த ஆங்கிலத் தொடர்கள் 'டேக்' என்பதைச் சுற்றித் திரண்டன. கையாற் பற்றுதலைக் குறித்த வினை, பெயரொன்றைத் தாங்கிநிற்கும் துணையாகவும் மாறிற்று. இதன் பயனாக இன்றைய ஆங்கிலேயன் தேநீரையும் மருந்தையும் 'எடுக்கிறான்', புகையிரதத்தை 'எடுக்கிறான்', குளிப்பையும் நடையையும் ஓய்வையும் 'எடுக்கிறான்'. வேலை அவனிடமிருந்து நேரத்தை 'எடுக்கின்றது'. 1903இல் முதல் விமானம் பறந்தபின் அதன் எழுச்சிக்கும் இவ்வினையே பயன்பட்டது. தமிழிலோ தேநீர் குடிக்கப்படும், மருந்து உட்கொள்ளப்படும், புகையிரதத்தில் ஏறுவர், பரீட்சைக்குத் தோற்றுவர், விடைபெறுவர், நேரம் செல்லும். ஒரு வினைக்கு ஒரு வினையென நிரல்படுத்திய பட்டியலை மனனஞ்செய்யும் மாணவன் ஆங்கிலத்தில் இடர்ப்படுவது இதனாலேயே.

இனித் தமிழின் நிலை நோக்கற்பாலது. 'எடு' என்பதன் பழம்பொருள் உயர்த்துதல் என்பதாகும். கெட்டாரை மீள உயர்த்துதல் என்னும் பொருளில் வள்ளுவர் இவ்வினையை வான்சிறப்பில் ஆண்டுள்ளார். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு, கோயில் கட்டுவித்ததை 'எடுப்பித்தல்' எனக் குறிக்கின்றது. பெயரோடு கூடித் துணைநிற்கும் பணியை முற்காலத்திற் பெரிதும் ஆற்றியது 'கொள்' என்னும் வினையாகும். ஓய்வுகொள்ளல், துயில்கொள்ளல், சினங்கொள்ளல் என்பன காண்க. பிற்கால எழுத்திலோ முடிவெடுத்தல், நடவடிக்கை எடுத்தல், ஓய்வெடுத்தல், கவனத்தில் எடுத்தல் என்பன பெருகின. ஆங்கிலத்திற் சிந்தித்துத் தமிழில் எழுதும் பத்திரிகை, அலுவலக மொழிபெயர்ப்புகளின் செல்வாக்கு இவற்றிற் புலப்படுகின்றது. யாழ்ப்பாணப் பேச்சில் சோதனையும் பஸ்ஸும் 'எடுக்கப்படுகின்றன'. சொல் தமிழாகவே இருத்தலால் இக்கடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சுத் தொடரின் சாயல் 'டேக்' என்பதன்மீது படிந்தவாறே, 'டேக்' என்பதன் சாயல் 'எடு' என்பதன்மீது படிந்துள்ளது எனலாம். 'கொள்' என்பதும் 'நிமன்' போன்றே தனிவினையாகத் தேய்ந்து, பிற வினைகளின் பின்னே துணைவினையாக ஒதுங்கிவருகின்றது. 'நிம்' களவைக் குறித்தவாறே, 'கொள்' அடியாகப் பிறந்த 'கொள்ளை' சூறையாடலைக் குறித்தலும் ஒப்புநோக்கத்தக்கது.

இதனைத் தமிழின் வீழ்ச்சியென்று அஞ்சுதல் வேண்டுமா? டேனியரின் வினைகளையும் பதிலிடுபெயரையும் ஏற்றதால் ஆங்கிலம் அழியவில்லை. எனினும் இரண்டிற்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலம் 'டேக்' என்பதை ஏற்றது, வாழ்வோடு வாழ்வு கலந்த மக்களின் வாய்வழியாக. தமிழின் புதுத் தொடர்களுட் பல மேசையில் அமர்ந்து பெயர்த்தெழுதியோர் வழியாக வந்தவை. சோதனை எடுத்தேன் என்னும் பிள்ளையின் பேச்சிற் பொருள் மயங்குவதில்லை. ஆனால் தன் குறையை முறையிட்ட ஏழைக் குடிமகனுக்கு, 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று கிடைக்கும் மறுமொழியில் எவர், எதனை, எப்போது செய்வார் என்பது இல்லை. விசாரிப்போம், பணம் தருவோம், வீதியைத் திருத்துவோம் எனத் தனி வினைகளாற் கூறவேண்டியதை ஒரு வெற்றுவினை மூடிவிடுகின்றது. ஆகவே ஆராயவேண்டியது சொல்லின் பிறப்பிடம் அன்று. அச்சொல் செயலைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா என்பதேயாகும்.