அளவில்லாச் சாப்பாடும் அளவுச் சாப்பாடும்

நம்மில் பலரிடம் இப்போது ஒரு புதுச் சொத்து சேர்ந்திருக்கிறது. கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த பழைய ஆல்பம், பேரப்பிள்ளைகளின் படங்கள் என்று நூற்றுக்கணக்கான ஜிபி. "கிளவுடில் போட்டுவிடுங்கள், பத்திரமாக இருக்கும்" என்கிறார்கள் பிள்ளைகள். கிளவுட் என்றால் வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் பிறருடைய கம்ப்யூட்டர். அங்கே நாம் வாடகைக்குத்தான் இருக்கிறோம். அந்த வாடகையின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

2006 மார்ச்சில் அமேசான் 'எஸ்3' என்ற சேவையைத் தொடங்கியது. 1 ஜிபிக்கு மாதம் 15 சென்ட். 1 டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி வைக்க மாதம் 150 டாலர். கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகும், குடும்பங்களுக்கு ஆகாது.

பிறகு போட்டி வந்தது. 2014 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஆபீஸ் 365 சந்தா கட்டுபவர்களுக்கு ஒன்டிரைவில் அளவே கிடையாது என்று அறிவித்தது. 2015 மார்ச்சில் அமேசான், வருடம் சுமார் 60 டாலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தது. சற்றுச் சுருக்கிய படங்களுக்குக் காசே வேண்டாம்!

அளவில்லாச் சாப்பாடு போடும் மெஸ்ஸுக்குக் கட்டுப்படியாவது, பலர் கொஞ்சமாகச் சாப்பிடுவதால்தான். இங்கேயும் அதே கணக்கு. 2015 நவம்பரிலேயே மைக்ரோசாஃப்ட், சிலர் 75 டெராபைட்டுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி 1 டெராபைட்டோடு நிறுத்தியது. அமேசான் 2017இல் பின்வாங்கியது. 2023 டிசம்பர் 31 அன்று அந்த டிரைவ் சேவையையே மூடியது. கூகுள் 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களை 15 ஜிபி இலவச இடத்தின் கணக்கில் சேர்த்தது. மூன்றும் அளவுச் சாப்பாடு ஆகிவிட்டன.

இன்னொரு பக்கம், அடிக்கடி தொடாத சரக்குக்கென்று கிடங்குகள் வந்தன. 2012இல் அமேசானின் 'கிளேசியர்' 1 ஜிபிக்கு 1 சென்ட். 2019இல் வந்த 'டீப் ஆர்க்கைவ்' 1 டெராபைட்டுக்கு மாதம் ஏறக்குறைய 1 டாலர். நம்பவே முடியாத மலிவு! ஆனால் கேட்டால் உடனே கிடைக்காது. 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். 180 நாளுக்குள் அழித்தாலும் அத்தனை நாளுக்கும் வாடகை உண்டு. வெளியே எடுக்கத் தனிக்கட்டணம் வேறு. அமெரிக்க மையங்களில் 1 ஜிபிக்கு 9 சென்ட் அளவில். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் இறக்கினால், பல வருட வாடகையை விட அதிகமாகிவிடும். ஆகவே உள்ளே வைக்க என்ன விலை என்பதோடு, வெளியே எடுக்க என்ன விலை என்றும் கேளுங்கள்.

நம் வயதுக்காரர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. நமக்குப் பிறகு வாடகை கட்டுவது யார்? கார்டு காலாவதியானால், நாளடைவில் கணக்கும் போய்விடும். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று குறித்துவைக்கும் வசதி அவர்களிடம் 2013 முதலே இருக்கிறது.

ஓலைச்சுவடிகள் செல்லரிப்பதற்குள் புது ஓலையில் படி எடுத்தார்கள். ஒரே வீட்டில் இருந்தவை பல அழிந்தன. நாமும் கிளவுடில் ஒரு படி, வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒரு படி, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு படி வைப்போம். எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.