பேர் ஈந்த ஈந்து

சென்ற மாசியில் ஒரு மாலை, பென்னாகரத்து வீட்டில், மொரோக்கோ நாட்டுக் கோழிக்கறி ஒன்றை அரைமணி நேரத்தில் ஆக்கிக் காட்டுகிறேன் என்று அக்காள் மகள் அடுப்படிக்குள் புகுந்தாள். எலும்பு நீக்கிய தொடைக்கறியில் மஞ்சள், சீரகம், பட்டைத்தூள், மிளகு, உப்பு பிசறி வைத்தாள். இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் பரப்பி இருபுறமும் சிவக்க விட்டு எடுத்தாள். அதே சட்டியில் வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் வதங்கிய பிறகு உலர்ந்த பழங்களைப் போட்டுக் கறியைத் திரும்பச் சேர்த்து, ஒரு குவளை நீர் விட்டு மூடி வேகவைக்க வேண்டியதுதான். அவள் எழுதி வைத்திருந்த குறிப்பில் உலர்ந்த ஆப்ரிகாட் என்றிருந்தது. எங்கள் கடைவீதியில் அது கிடைக்கவில்லை. “மாமா, பேரீச்சம்பழம் போட்டுக்கலாமா?” என்றாள். போடு என்றேன். எட்டுப் பழம் கொட்டை நீங்கிச் சட்டியில் விழுந்தது. ஒரு கைப்பிடி உலர்திராட்சையும், வாதுமைக்கு மாற்றாகக் கொஞ்சம் முந்திரிப்பருப்பும் கூடவே விழுந்தன. மணத்தை முகர்ந்த என் தாயார், “இனிப்பு தூக்கலாப் போயிடும் கண்ணு, ஒரு நெல்லிக்கா அளவு புளியக் கரைச்சி ஊத்து” என்றார்.

புளிக்கரைசல் பேரீச்சம்பழத்தின்மேல் விழுந்த அந்த நொடியில் நான் சமையலை மறந்து சொற்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அரபு மொழியில் அவ்விரண்டின் பெயருக்கும் அடிச்சொல் ஒன்றே.

பேரீச்சம்பழத்தை அரபியர் பருவத்துக்கொரு பெயரால் அழைப்பார்கள். நாம் பூ, பிஞ்சு, காய், பழம் என்பது போல அவர்களுக்கும் படிநிலைகள் உண்டு. நிறம் ஏறிய செங்காய் ‘புஸ்ர்’, நெகிழ்ந்து சாறு ததும்பும் கனி ‘ருத்தப்’, வெயிலில் நீர் வற்றிச் சுருங்கிக் கருத்து நெடுநாள் கெடாமல் நிற்பது ‘தமர்’. யூதர் மொழியிலும் இதே வேர் உண்டு. அங்கே அது பேரீச்ச மரத்தின் பெயராகவும், பெண்ணுக்கு இடும் பெயராகவும் ஆயிற்று. தமிழ் விவிலியத்தில் வரும் ‘தாமார்’ அவள்தான். இப்படி உலர்ந்த நிலைக்கென்று ஒதுக்கிய சொல்லைத்தான் அரபு வணிகர்கள் நம் புளிக்கு இட்டார்கள். ‘தமர் ஹிந்தி’ என்றார்கள். இந்திய நாட்டு உலர் பேரீச்சை என்பது பொருள்.

புளியில் எங்கே பேரீச்சையைக் கண்டார்கள் என்று கேட்பவர் தையிலிருந்து சித்திரைக்குள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். தருமபுரி வட்டாரத்தில் சாலையோரமெல்லாம் புளியமரம். மலைக்கு அந்தப் பக்கத்து உரிகம் ஊரின் பெயரிலேயே நீளக்காய்ப் புளி ஒன்று பேர்போனது. உலுக்கிய பழத்தைத் திண்ணையில் குவித்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்துவிட்டு, கல்லுப்பு தூவிப் பானையில் அமுக்கி வைப்பார்கள். கரும்பழுப்பாய், பிசுபிசுப்பாய், ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே உருண்டையாய்க் கிடக்கும் அந்தப் புளியையும், ஓலைக்கூடையில் அமுக்கிக் கட்டிக் கப்பலேறும் பேரீச்சையையும் அருகருகே வைத்தால் கண் சற்றே தடுமாறத்தான் செய்யும். நாவில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும். பெயரிட்டவர் கண்ணால் பெயரிட்டார்.

அந்தப் பெயர் மேற்கே போனது. 1298-ஐ ஒட்டி எழுதப்பட்ட மார்க்கோ போலோவின் பயண நூலில், மேலைக் கடற்கொள்ளையர் வணிகர்களைப் பிடித்தால், விழுங்கி ஒளித்த முத்துகளை வெளிக்கொணரப் புளியைக் கடல்நீரில் கரைத்துக் குடிக்கவைப்பார்கள் என்ற செய்தி வருகிறது. அங்கே புளியின் பெயர் ‘தமரிந்தி’. 1753-இல் லின்னேயசு செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது புளிக்கு ‘தமரிண்டசு இண்டிகா’ என்று வைத்தார். பெயருக்குள்ளேயே இந்தியா இருக்க, அடைமொழியாகவும் இந்தியா வந்து நின்றது. இத்தனைக்கும் மரத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பதே நிலைத்திணை அறிஞர் முடிபு. நெடுங்காலத்துக்கு முன்னரே இங்கு வந்து வேரூன்றி, இம்மண்ணின் மரமாகவே உலகுக்கு அறிமுகமாகிவிட்டது புளி.

இடையே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரபுச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘தமர்’ என்று வருகிறது. நம் மொழியில் தமர் என்றால் உற்றார், உறவினர். பார்த்ததும் மனம் துள்ளுகிறது. ஆனால் இது ஒலி ஒப்புமை மட்டுமே. நம் தமர் ‘தாம்’ என்பதன் வழி வந்தது. அவர்கள் தமருக்கு வேர் வேறு. சொல்லை விரும்புகிறவன் இந்த இடத்தில்தான் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். அவர்கள் பழம் இங்கே வந்தபோது நாம் என்ன செய்தோம்? கர்ச்சூரம் என்ற வடசொல் கையருகே இருந்தது. கன்னடமும் தெலுங்கும் அதை எடுத்துக்கொண்டன. தமிழ் அகராதிகளிலும் அது இடம்பிடித்தது; ஆனால் நாவில் ஏறவில்லை. தமிழன் தன் காட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஈந்து நின்றது.

ஈந்து பழஞ்சொல். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசைக்குக் கூரையாய்க் கிடப்பது இதன் ஓலைதான். அந்தக் கூரை முள்ளம்பன்றியின் முதுகு போலத் தோன்றுமாம். ஈந்து, ஈஞ்சு, ஈச்சு என்று அது வடிவம் மாறி வந்த வழியை நம் வாயே காட்டித் தரும். ஐந்து அஞ்சாகிறது, புரிந்து புரிஞ்சாகிறது. முன்னுயிரின் ஈர்ப்பால் பல்லொலி அண்ணத்துக்கு நகர்வதே இது. ஈந்தும் அப்படியே ஈஞ்சாயிற்று. மென்றொடர் வன்றொடராகும்போது ஈந்து ஈத்தாகவும் ஈஞ்சு ஈச்சாகவும் நிற்கும். மருந்து மருத்துப்பையானதும், இரும்பு இருப்புச்சட்டியானதும் அதே விதியால்தான். அன்று மாலை அடுப்பின்மேல் இருந்த ஏனத்தின் பெயரும் அதற்குள் வெந்த பழத்தின் பெயரும் ஒரே புணர்ச்சி விதியில் விளைந்தவை என்பதை நினைக்க எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! (எங்கள் தெருவில் பாதிப்பேர் அதை இலுப்பச்சட்டி என்பார்கள், இரும்பை மறந்து இலுப்பையை நினைத்த வாய்வழக்கு.)

எங்கள் மலையடிவாரத்தில் ஈச்சு குட்டையாய், முள்ளாய், புதராய்க் கிடக்கும். ஓலையில் பாய் முடைவார்கள், துடைப்பம் கட்டுவார்கள். பழம் சுண்டுவிரல் நுனியளவு. கொட்டைமேல் தோல் போர்த்தாற்போலச் சிறிதே சதை, துவர்ப்பு ஊடாடிய இனிப்பு. ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அது பெருவிருந்து. கடல் கடந்து வந்த பழத்தைக் கண்டவன் இந்தச் சிறுபழத்தை நினைத்து, அதே குடும்பம், ஆனால் பெரியது என்று தேர்ந்து, பெருமை என்னும் பண்பை முன்னே ஒட்டினான். ஈறு போய், ஆதி நீண்டு, பேரூர், பேராறு, பேரின்பம் என்னும் வரிசையில் பேரீச்சு வந்து நின்றது. மரப்பெயருக்கு உரிய அம்முச்சாரியை பெற்றுப் பேரீச்சம்பழமானது. நோன்பு திறக்கும் இசுலாமியர் இல்லங்களில் பேரீத்தம்பழம் என்று கேட்கிறோமே, அது ஈத்து வடிவத்தைக் காத்து நிற்கிறது. மலையாளத்து ஈத்தப்பழமும் அதற்கு உடன்பிறப்பு. முள்ளும் துவர்ப்புமான நம் காட்டுச்செடிதான் அரபு நாட்டுக் கனிக்குப் பேர் ஈந்தது. அங்கே அவர்கள் நம் புளியைத் தம் பேரீச்சையால் அறிந்தார்கள். இங்கே நாம் அவர்கள் பேரீச்சையை நம் ஈச்சால் அறிந்தோம். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ததன்று. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் தனித்தனியே நிகழ்ந்த இந்தக் கைமாற்றைப் போல அழகான ஒன்றை நான் சொல் வரலாற்றில் அதிகம் கண்டதில்லை.

புளியின் சொந்தப் பெயரோ யாரிடமும் எதையும் கேட்டு வாங்காதது. சுவைக்கும் மரத்துக்கும் ஒரே சொல். எனினும் கேட்பவன் மயங்காதபடி தொல்காப்பியம் அன்றே வேலி போட்டிருக்கிறது. மரத்தைக் குறிக்கும் புளி அம்முப் பெற்றுப் புளியங்கோடு என்றாகும். சுவையைக் குறிக்கும் புளி மெல்லெழுத்து மிகுந்து புளிங்கூழ் என்றாகும். ஒரு சொல்லின் இரண்டு பொருளையும் புணர்ச்சியிலேயே பிரித்துக் காட்டும் மொழிக்கு எவ்வளவு நுண்ணிய செவி இருந்திருக்க வேண்டும்! இனிப்பும் புளிப்பும் கூடும் சுவையும் நமக்குப் புதிதன்று. குறுந்தொகையில் கூடலூர் கிழார் காட்டும் இளமனைவி, தயிர் பிசைந்த விரலோடு கணவனுக்கு ஆக்கிய குழம்புக்குத் ‘தீம்புளி’ என்றே அடை இருக்கிறது. என் தாயார் அளந்ததும் பழைய அளவைதான். தமிழ்நாட்டு அடுப்படியில் புளிக்கு நிறையளவு கிடையாது. சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு, எலுமிச்சையளவு என்று காயாலும் கனியாலுமே அளக்கிறோம். ஔவைக்கு நெல்லி தந்த அதியமானின் தகடூர் நாடான இந்தத் தருமபுரிப் பக்கத்தில் அந்த அளவு கூடுதலாய் இனிக்கிறது எனக்கு.

இங்கிருந்து ஒகேனக்கல் கூப்பிடு தொலைவு. ஆற்றைத் தாண்டினால் கன்னடம். அங்கே புளி ‘ஹுளி’ ஆகிவிடுகிறது. சொல்முதல் பகரம் ஹகரமாக நெகிழ்வது பத்தாம் நூற்றாண்டை ஒட்டிக் கன்னடத்தில் தொடங்கிய மாற்றம். பால் அங்கே ஹாலு. ஒகேனக்கல் என்ற பெயரே அதற்குச் சான்று. நம் புகை அவர்களுக்கு ‘ஹொகெ’. காவிரி வீழ்ந்து நீர்த்திவலை புகையாய் எழும் பாறை, ஹொகேனகல். தமிழர் வாயில் மீண்டும் அந்த ஹகரம் உதிர்ந்துவிட்டது. அருவிக்கரையில் மீன்குழம்புக்குப் புளி கரைக்கும் பெண் அறிந்தோ அறியாமலோ, புகையில் தொலைந்த பகரத்தைப் புளியில் காத்து வருகிறாள்.

மீண்டும் அடுப்படிக்கு வருவோம். மொரோக்கோவில் அன்று ஆக்கிய அந்தக் கோழிக்கறிக்குத் ‘தஜீன்’ என்று பெயர். கூம்பு மூடி போட்ட மண்சட்டியின் பெயர் அது. இடவாகுபெயராய்க் கறிக்கு ஆனது. அரபிக்கு அது கிரேக்கத் ‘தாகெனோன்’ வழியே வந்தது, பொரிக்கும் சட்டி என்று பொருள். ஆகவே மண்சட்டி இல்லையென்று இருப்புச்சட்டியில் ஆக்கியதற்காக அக்காள் மகள் வருந்த வேண்டியதில்லை. சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவே. கறியையும் பழத்தையும் கூட்டி ஆக்குவது அரபு அடுக்களையில் பழைய வழக்கம். 1226-இல் பக்தாதியார் எழுதிய சமையல் நூலிலேயே ‘மிஷ்மிஷ்’ என்னும் ஆப்ரிகாட்டால் பெயர்பெற்ற ‘மிஷ்மிஷிய்யா’ என்ற இறைச்சிக்கறி இருக்கிறது. அவர்கள் இஞ்சியைச் ‘சஞ்சபீல்’ என்கிறார்கள். அதைப் பின்னோக்கிப் பிடித்தால் பாலிச் ‘சிங்கிவேர’ என்று வந்து, நம் இஞ்சியிலும் வேரிலும் முடிகிறது.

திராட்சையையும் முந்திரியையும் விட்டுவிட மனமில்லை. யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்றால் கொடியில் காய்க்கும் பழம், மலையாளத்திலும் அப்படியே. தமிழ்நாட்டிலும் அந்தச் சொல் முதலில் அதற்கே உரியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அந்தப் பெயரை மெல்ல எடுத்துக்கொள்ள, பழையவள் கொடிமுந்திரியாகி, பிறகு திராட்சை என்ற வடசொல்லுக்கு இடம்விட்டு ஒதுங்கினாள். உலர்ந்த திராட்சையும் முந்திரிப்பருப்பும் அந்தச் சட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தன.

கறி நன்றாகவே வந்தது. புளி விட்டதால் இனிப்பு அடங்கி, சாறு கெட்டியாய்த் துண்டுகளில் படிந்திருந்தது, தோசையோடு சாப்பிட்டோம்.

ஆடியில் தாயாரைத் தருமபுரிக்கு அழைத்துப் போக நேர்ந்தது. அந்தப் பக்கத்தில் சில ஆண்டுகளாக அரபுப் பேரீச்சை பயிராகிறது. ‘பர்ஹி’ என்னும் வகை, மஞ்சளாய், மொறுமொறுவென்று பச்சையாகவே தின்பது. சாலையோரக் கடையில் குலையோடு தொங்கவிட்டிருந்தார்கள். கடைகளில் உலர்ந்த பழத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர, குலையில் பார்த்ததில்லை என் தாயார். பேரீச்சை என்று நான் சொல்வதற்குள், வண்டியை நிறுத்தச் சொல்லி, காட்டு ஓரத்தில் ஆடு மேய்த்த பெண்ணின் கண்ணோடு அண்ணாந்து பார்த்து அவர் சொன்னார்:

“அடேயப்பா, எவ்ளோ பெரிய ஈச்சு!”