தன்னைத் தானே வாழ்த்திக் கொண்டால் சளி பிடிக்காதா?



செமஸ்டர் நெருங்கினால் எங்கள் பி.காம். வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி, வாய்ப்புண், ஜுரம் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். "படிக்காம இருக்க இதொரு சாக்கு" என்பார் அம்மா. சாக்கு இல்லை என்று 1984-லேயே காட்டிவிட்டார்கள்! அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் 75 மருத்துவ மாணவர்களிடம் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பும், பரீட்சை தொடங்கிய நாளிலும் ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் ஒருவகை வெள்ளை அணுக்களின் வேகம் பரீட்சை நாளில் குறைந்திருந்தது.

இதற்கு முன்பே, 1975-ல், ராபர்ட் ஏடர் எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீரோடு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தையும் கொடுத்துப் பழக்கினார். பிறகு மருந்தே இல்லாமல் வெறும் இனிப்புத் தண்ணீர் கொடுத்தாலும் எதிர்ப்பு சக்தி குறைந்தது. மூளைக்கும் ரத்தத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று அப்போதுதான் பலர் நம்ப ஆரம்பித்தார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில், ஆழியாரில் வேதாத்திரி மகரிஷி 1984-ல் மையம் அமைத்தார் (அதே வருஷம், தற்செயல்தான்!). கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர். அவருடைய மனவளக்கலையில் சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் எல்லாம் தனித்தனிப் பயிற்சிகள். தவம் முடிந்ததும் வாழ்த்துவார்கள். அதில் தன்னையும் வாழ்த்திக் கொள்ள வேண்டும். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தன்னைத் தானே திட்டிக் கொள்வதுதானே நமக்குப் பழக்கம்!

2003-ல் கிறிஸ்டின் நெஃப் இந்தத் தன்பரிவை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரித்தார். 2014-ல் ஜூலியானா பிரைன்ஸ் குழு 41 பேரை மேடையில் பேச வைத்து, கணக்குப் போட வைத்துப் படுத்தியது. தன்பரிவு அதிகம் உள்ளவர்களுக்கு, அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 குறைவாகவே ஏறியது. 41 பேர் சின்னக் கூட்டம்தான். பரிவினால்தான் குறைந்தது என்றும் இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. "வாழ்த்தினால் வியாதி போகும்" என்று யாராவது சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

காஸ்டிங்கில் எனக்கு ஒரு அரியர் இருக்கிறது. ரிசல்ட் வந்த அன்று என்னை நானே திட்டிய திட்டை வேறு யாராவது திட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன். இந்த முறை திட்டாமல் படித்துப் பார்க்கிறேன் :-)