முதலிடம் யாருக்கு?

சென்ற தமிழ்த்தின விழாவின்போது எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் பட்டிமன்றம் ஒன்றினை நடத்தினர். திரைப்பாடலாசிரியருள் முதலிடத்துக்குரியவர் மக்கள் கவிஞரா, கவியரசரா என்பது தலைப்பு. நடுவராக அமரும் பொறுப்பு எமக்கு வந்து சேர்ந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பெயர் சொல்லப்பட்டபோதெல்லாம் மண்டபத்தின் பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. கண்ணதாசனின் பெயர் வந்தபோது முன்வரிசையிலிருந்த மூத்த ஆசிரியர்கள் தம்மை மறந்து தலையசைத்தனர். இரு கட்சியாரும் எண்ணிக்கையையே பெரிதும் நம்பினர். இருபத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்து, ஐந்தாறு ஆண்டுகளே திரைக்கு எழுதி, இத்தனை புகழ் பெற்றவர் வேறு யார் என்றது ஒரு கட்சி. ஆயிரக்கணக்கில் எழுதியவரோடு சில நூறு எழுதியவரை ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும் என்றது மறு கட்சி. தீர்ப்புக் கூறும் வேளை வந்தது. நாம் தீர்ப்புக் கூறவில்லை. நடுவர் தம் கடமையில் தவறினார் என்று சக ஆசிரியர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அக்குறை நியாயமானதே. ஆதலின் அன்று மேடையிற் கூறாததை ஈண்டு எழுத முற்படுகிறோம்.

புலவர்க்கு வரிசை வகுப்பது தமிழருக்குப் புதிய பழக்கமன்று. இன்ன யாப்பில் இன்னார் வல்லவர் என்று பட்டியலிட்டுப் பாடிய தனிப்பாடல்கள் எம்மிடம் உள்ளன. எனினும் ஏட்டிலே தனித்திருந்து பாடிய புலவரை அளந்த கோலினால் திரைப்பாட்டு எழுதியவரை அளக்கலாமா என்பதே கேள்வி. திரைப்பாட்டு பலர் கூடிச் செய்யும் தொழில். இயக்குநர் காட்சியைக் கூறுவார்; இசையமைப்பாளர் மெட்டினைப் பாடிக் காட்டுவார்; பாடலாசிரியர் அம்மெட்டின் அசைகளுக்குள் சொற்களைப் பொருத்துவார்; முதல் போட்டவருக்குப் பிடிக்காத சொல் நீங்கும்; பின்னணி பாடுவோர் ஒருவர், வாயசைப்போர் வேறொருவர். இத்தனை கைகளின் உழைப்பிலே ஒரு கையை மட்டும் பிரித்தெடுத்து மாலை சூட்டுகிறோம். 1952 இல் வெளிவந்த பராசக்தியை நோக்குக. அந்த ஒரே படத்திலே பாரதியாரும், பாரதிதாசனும், உடுமலை நாராயணகவியும், கதைவசனம் எழுதிய கருணாநிதியும் பாட்டுக்கு உரியோராய் நிற்கின்றனர். கொட்டகையிலிருந்து பாடிக்கொண்டே வீடு திரும்பியவர் இது யார் பாட்டு என்று விசாரித்திருக்க மாட்டார். அவருக்கு அது பராசக்திப் பாட்டு.

இத்தொழிலின் பிறப்பிடம் நாடக மேடையாகும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் குழுக்களில் பாட்டெழுதுபவர் 'வாத்தியார்' எனப்பட்டார். நடிகருக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. அம்மரபில் வந்தவரே மதுரகவி பாஸ்கரதாஸ். தேசிய இயக்கப் பாடல்களை அவர் எழுதினார். மேடையிலும் இசைத்தட்டிலும் அவை ஒலித்தன. வெள்ளையர் அரசு அவற்றுட் சிலவற்றைத் தடைசெய்தது. 1931 இல் வெளிவந்த முதலாவது தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸுக்கும் அவரே பாட்டெழுதினார். அப்படத்தில் ஒரு பாத்திரம் தமிழிலும் மற்றொன்று தெலுங்கிலும் பேசின என்பது இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் வடமொழிக் கவியின் கதைக்கு நடுவே, டி. பி. ராஜலட்சுமியின் குரலில், காந்தியின் இராட்டையைப் போற்றும் பாட்டொன்றைச் செருகிய துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும். கதைக்கு அது சற்றும் பொருந்தாது. கொட்டகையில் தரையிலிருந்து பார்த்தவருக்கோ படத்தின் உயிர் அதுவே. தமிழ்த் திரைப்பாட்டு பிறந்த நாளிலேயே அரசியலோடு பிறந்தது. அதனைப் பிறப்பித்தவரின் பெயரை எமது பட்டிமன்றத்தில் எவரும் உச்சரிக்கவில்லை.

அவருக்குப் பின் பாபநாசம் சிவனின் காலம். கருநாடக இசையும் பக்தியும் கொட்டகைக்கு வந்தன. 1944 இன் ஹரிதாஸ் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அக்காலத்தை விரித்தெழுத இங்கு இடமில்லை. உடுமலை நாராயணகவியைப் பற்றியோ தனிக் கட்டுரையே எழுதலாம். 1899 இல் பிறந்து, நாடகத்தில் வளர்ந்து, என். எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவைக்குப் பகுத்தறிவின் கூர்மையை ஏற்றியவர் அவர். 1949 இன் நல்லதம்பி முதலான படங்களிலே அவர் எழுதிய பாட்டுக்கள் சிரிக்க வைத்துக்கொண்டே மூடநம்பிக்கையின் காலை வாரிவிட்டன. சிரிப்புப் பாட்டு எழுதியவர் எந்த வரிசையிலும் முதலிடம் பெறுவதில்லை. இதுவும் எமது அளவுகோலின் ஒரு கோணலே.

இனிப் பட்டுக்கோட்டையாருக்கு வருவோம். 1930 ஏப்ரல் 13 ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தின் செங்கப்படுத்தான்காட்டில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பண்ணையாளர் சாணிப்பாலும் சவுக்கடியும் பெற்ற மண் அது. செங்கொடியின் கீழ் விவசாயிகள் திரண்ட மண்ணும் அதுவே. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952 இல் வந்தபோது இவருக்கு வயது இருபத்திரண்டு. விவசாய இயக்கத்தோடு நின்றார், நாடகத்தில் நடித்தார், புதுச்சேரியில் பாரதிதாசனிடம் மாணவராக இருந்தார். ஐம்பதுகளின் நடுவிலே திரைக்கு வந்தார். 1959 ஒக்டோபர் 8 ஆம் நாள் மறைந்தார்.

1958 இன் நாடோடி மன்னனிலே, விளைச்சல் இருந்தும் உழைப்பவன் கை வெறுங்கையாய் இருப்பது ஏன் என்று பெண் கேட்க ஆண் விடைகூறும் பாட்டு உண்டு. பொருளாதார நூலின் ஓர் அத்தியாயத்தை வயல்வரப்பிலே இருவர் பேசும் பேச்சாக மாற்றியிருக்கிறார் கவிஞர். அதனைத் தலைமேற் கொண்டு போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அப்பாட்டின் பின்வரலாற்றையும் நேர்மையுடன் பார்ப்போம். பொதுவுடைமைக் கவிஞன் எழுதிய சொற்கள், திராவிட முன்னேற்றக் கழகத்தின் நட்சத்திரமாகிய எம். ஜி. ஆரின் வாயசைப்பிலே வெளிவந்தன. கேட்டவர் மனத்திலே அவை எழுதியவனின் கொள்கையாகப் பதியவில்லை; நடித்தவரின் குணமாகப் பதிந்தன. ஏழைக்கிரங்கும் வீரன் என்ற அவ்வுருவம் 1977 இல் முதலமைச்சர் ஆசனம் வரை சென்றது. அவ்வுருவம் திரையிலே எவ்வாறு கட்டப்பட்டது என்பதை எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 இல் வெளியிட்ட ஆங்கில நூல் விரிவாக ஆராய்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் என்ன மிஞ்சும் என்று நாட்டிலே ஒரு வழக்குண்டு. அது பாட்டுழவனுக்கும் பொருந்தியது.

முற்போக்காளராகிய நாம் செய்யும் பிழை ஒன்றையும் இங்கு சொல்லியாக வேண்டும். பட்டுக்கோட்டையாரை முதலிடத்தில் வைக்கும்போது அவருடைய பாடல்களுள் உழைப்பு, உடைமை, ஏய்ப்பு என்னும் சொற்கள் வருபவற்றைப் பொறுக்கியெடுத்துக் கூட்டங்களில் ஒப்புவிக்கிறோம். எஞ்சியவற்றைப் 'பிழைப்புக்காக எழுதியவை' என்று ஒதுக்கிவிடுகிறோம். 1959 இன் கல்யாணப் பரிசு தோல்வியுற்ற காதலின் கதை. ஏ. எம். ராஜாவின் இசையில் அப்படத்தின் பாடல்கள் யாவும் கல்யாணசுந்தரம் எழுதியவை. அவர் வாழ்ந்த காலத்திலே நாடெங்கும் ஒலித்தவை அவை. மீசை முளைக்காத பையனும் வேலை தேடியலைந்த பட்டதாரியும் தம் துயரத்துக்குச் சொல் தேடியபோது அவரிடமே சென்றனர். பேச்சுத்தமிழின் எளிமையை, ஒரு சொல்லும் மிகையாகாத கட்டுக்கோப்பை, வரப்புப் பாட்டில் எவ்வளவு காண்கிறோமோ அவ்வளவு இக்காதற் பாட்டுக்களிலும் காண்கிறோம். மக்கள் கவிஞரின் மக்கள், காதலிக்காத மக்களா?

இதே பிழையின் மறுபக்கம் கண்ணதாசனிடத்து நாம் காட்டிய அசட்டை. 1927 இல் சிறுகூடல்பட்டியிற் பிறந்து, 1981 இல் சிக்காகோவில் மறைந்த இவர், பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். 1949 இல் கன்னியின் காதலியில் எழுதத் தொடங்கினார். கழகத்தில் இருந்தார், 1961 இல் விலகினார், காங்கிரஸில் சேர்ந்தார், நாத்திகம் பேசிய நாவினாலேயே இந்து மதத்தின் பொருளையும் விரித்துரைத்தார். கொள்கை உறுதியே அளவுகோலாயின் இவருக்குக் கடைசி வரிசையிலும் இடமில்லை. விதியைப் பாடினார், மனிதனைச் செயலற்றவனாக்கினார் என்று எம்மவர் எழுதிய கண்டனங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1961 இன் பாசமலரிலே அண்ணனும் தங்கையும் வெவ்வேறு வீட்டிலிருந்து பாடும் தாலாட்டினை எண்ணுக. சொத்தும் கௌரவமும் ஒரு குடும்பத்தைப் பிளந்ததை, அச்சொற்களை ஒருமுறையும் உரக்கச் சொல்லாமல், தொட்டிலின் மேல் வைத்துப் பாடிவிட்டார். அப்பாட்டினைத் தோட்டத்து லயங்களில் தாய்மார் பாடக் கேட்டு வளர்ந்தோர் எம்முட் பலர். பகல் முழுதும் கொழுந்து பறித்துக் கைவிரல் கறுத்த பெண் அந்தப் பாட்டைத் தன் பிள்ளைக்காகத் தெரிந்தெடுத்தாள் என்றால், அவள் அறிவிலி என்று சொல்லும் உரிமை எமக்கு எங்கிருந்து வந்தது?

பரிசுகளைக் கொண்டு தீர்ப்புக் கூறலாமே என்பார் உளர். இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகள் 1954 இல் தொடங்கின. பாடலாசிரியருக்கென ஒரு விருது 1968 ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதல் வழங்கப்பட்டது. அதனைக் குழந்தைக்காக என்ற படத்துக்கெனக் கண்ணதாசன் பெற்றார், தகுதியான தேர்வே. ஆனால் அப்போது கல்யாணசுந்தரம் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அவ்வாறாயின் கேட்போரின் விருப்பத்தையே அளவாகக் கொள்வோம் என்றால், அந்த அளவுகோல் செய்யப்பட்ட இடம் எமது கொழும்பு நகரமே. 1952 இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரைப்பாட்டினை இழிந்ததெனக் கருதி அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைச் சுருக்கினார். வாடிக்கையாளர் இலங்கை வானொலிக்கு வந்தனர். அவ்வாண்டு இறுதியில், பற்பசைக் கம்பனி ஒன்றின் பணத்திலே, பினாக்கா கீத்மாலா என்னும் இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. அமீன் ஸயானி பம்பாயிற் பதிவுசெய்த குரல் விமானத்தில் கொழும்புக்கு வந்து இங்கிருந்து இந்தியாவெங்கும் பரந்தது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் கடிதங்களையும் கொண்டு பாட்டுக்களைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும் அறிவித்தனர். தட்டு வாங்கப் பணமும் கடிதம் எழுத எழுத்தறிவும் உள்ளவரின் விருப்பமே அதில் எண்ணப்பட்டது என்பது வெளிப்படை.

ஆயினும் ஒரு வேடிக்கை. 1954, 1955, 1956 ஆகிய ஆண்டுகளின் இறுதிக் கணக்கில் முதற்படியில் நின்ற பாட்டுக்களை எழுதியவர்கள் முறையே ஸாஹிர் லூதியான்வி, சைலேந்திரா, மஜ்ரூஹ் சுல்தான்புரி. மூவரும் முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் காற்றைச் சுவாசித்தவர்கள். சைலேந்திரா பம்பாயில் ரயில்வே பட்டறைத் தொழிலாளியாய் இருந்து மக்கள் நாடக மன்றத்துக்கு வந்தவர். மஜ்ரூஹ் நேருவைத் தாக்கிக் கவிதை பாடிச் சிறை சென்றவர். பற்பசை விற்க வைத்த ஏணியின் உச்சியில் இவர்கள் ஏறி நின்றனர்! சந்தையின் தராசு எப்போதும் பொய்யே சொல்லும் என்று முடிவுகட்டியிருந்த எமக்கு இச்செய்தி சிறிது நாணத்தைத் தந்தது. ஸாஹிர் அதோடு நிற்கவில்லை. பாடகர் பெயரோடு பாட்டெழுதியவர் பெயரையும் வானொலி அறிவிக்க வேண்டுமென்று போராடினார். முதலிடம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. பெயர் சொல்லப்பட வேண்டும் என்றே கேட்டார். உழைப்பாளி கேட்கும் கேள்வி அதுவன்றோ?

பட்டிமன்றம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எம்மிடம் வந்து, "சேர், இந்த வரிசையிலே பொம்பிளைகள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டாள். அன்று பேசிய எட்டுப் பேரும் அக்கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. நாமும் கேட்டிருக்கவில்லை. திரையிலே தேடினால் அக்காலத்துக்கு விடை கிடைப்பது அரிது. தேட வேண்டிய இடம் வேறு.

இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்கத்தைக் கட்டியெழுப்பிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. கூட்டங்களிலே கணவரின் பேச்சோடு மனைவியின் பாட்டும் ஒலித்தது. துரைமாரின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலம்; எழுத்தறியாத மக்களிடம் துண்டுப்பிரசுரம் பயன்படாது. ஆகவே மக்களுக்குப் பழகிய மெட்டுக்களிலே புதிய சொற்களை அமைத்தார் அவர். மெட்டு முன்னரே நெஞ்சில் இருந்தமையால் சொல் எளிதாய் ஏறியது. திரைப்பாடலாசிரியர் இசையறையிலே செய்த அதே வேலையை அவர் மலைச்சரிவுகளிலே, ஊதியமின்றிச் செய்தார். 1940 இல் அவருடைய பாட்டுக்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு நூலாய் வெளிவந்தன. இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் இந்நாட்டு அரசியலில் வலுத்துவந்த ஆண்டுகள் அவை. எட்டாண்டுகளின் பின் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1930 களில் பம்பாயிலோ சென்னையிலோ எழுதப்பட்ட பாட்டு ஒன்றேனும் கேட்போரை இத்துணை நேராக நோக்கிப் பேசியதா என்பது ஐயமே. தோட்ட மக்கள் தாமே கட்டிய பாடல்களை, ஆக்கியோர் பெயரற்ற பாடல்களை, சி. வி. வேலுப்பிள்ளை பின்னர் திரட்டித் தந்தார். அவற்றுக்கும் அம்மையாரின் பாட்டுக்களுக்கும் உள்ள உறவை எமது பட்டதாரி மாணவர் ஆராய வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்குத் தலைப்பு வேண்டுமென்று மாணவர் இப்போதே வந்து கேட்டுள்ளனர். பாஸ்கரதாஸ், உடுமலையார், மீனாட்சியம்மை என்று மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்து, வாதம் வேண்டாம், முதலில் தேடிப் படித்து வாருங்கள் என்று அனுப்பினோம். மூன்றாவது பெயரை அவர்களுள் ஒருவர்தானும் முன்பு கேட்டிருக்கவில்லை. அவர்களுள் இருவரின் பாட்டன்மார் ஹற்றன் பகுதித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள்.