நாங்குநேரி வட்டாரத்தில் வேதாகம வாசிப்பு

மகேந்திரகிரி அடிவாரத்திலிருந்து இடையன்குடியைச் சுற்றியுள்ள தேரிக்காடு வரை பரந்து கிடந்த பழைய நாங்குநேரி வட்டத்தில், கிறிஸ்தவ வேதம் எப்படி வாசிக்கப்பட்டது, அந்த வாசிப்பிலிருந்து மக்கள் எவ்வாறு விசுவாசமும் ஆறுதலும் பெற்றார்கள் என்பதன் வரலாறு இக்கட்டுரையின் பொருள். இராதாபுரம் தனி வட்டமாவதற்கு முன் இடையன்குடியும் இதன் எல்லைக்குள்தான் இருந்தது. ஒருவர் தனியே ஒரு புத்தகத்தைக் கையிலெடுக்கிறார், படிக்கிறார், உள்ளம் மாறுகிறார் என்பதே வேதாகம வாசிப்பைப் பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம். சபைச் சரித்திரங்களும் சாட்சிப் புத்தகங்களும் அதைத்தான் மீண்டும் மீண்டும் தீட்டுகின்றன. இந்த வட்டாரத்தின் சான்றுகளோ வேறு விதமாகப் பேசுகின்றன. இங்கே வேதம் முதலில் காதுக்கு வந்தது, பிறகு நாவில் மனப்பாடமாக ஏறியது, கண்ணுக்குக் கடைசியாகத்தான் எட்டியது. மக்கள் பெற்ற தேற்றரவும் பெரும்பாலும் கூடியிருந்து கேட்டதில் விளைந்தது. வாசிக்கத் தெரிந்தவர்களாக அவர்கள் மாறியது அதன் மறுபாதி.

இதற்கு மிகப் பழைய உதாரணம் ஒரு கத்தோலிக்கர். முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களை மனப்பாடம் செய்வித்தார். அவரைப் பின்தொடர்ந்து புன்னைக்காயலில் பணிபுரிந்த அன்றீக்கே அன்றீக்கசு 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். அது செபமும் போதனையும் அடங்கிய நூல், வேதாகமம் அன்று. வேதக் கதைகள் வாய்மொழியாகவே பரவின. மேலே சொன்ன உதாரணமான நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் நொந்திருந்த அவருக்கு, குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மரின் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டி லனாய், யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு கூறுகிறது. நல்லவன் ஏன் துன்பப்படுகிறான் என்ற கேள்வியை விட்டுக்கொடுக்காத அந்தக் கதைதான் அவரை வடக்கன்குளம் வரை கொண்டுவந்து சேர்த்தது. அங்கே 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரை மாற்றிய வேதப் பகுதியை அவர் வாசித்திருக்கவில்லை, ஒரு நண்பர் சொல்லக் கேட்டார் என்பதே இங்கு முக்கியம்.

அச்சில் வந்த தமிழ் வேதம் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டை 1728க்குள் சூல்ட்சே நிறைவு செய்தார். ஆனால் தாமிரபரணிக்கு அது உடனே வந்துவிடவில்லை. மிஷனெரி சுவார்ட்ஸ் 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா அம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1785இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அதன் பொறுப்பை ஏற்றார். 1799இல் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியில் முதலூர் தோன்றியது. மிஷனெரிகளான யெனிக்கே 1800இலும் கெரிக்கே 1803இலும் இறந்தபின், ஐரோப்பிய மிஷனெரி எவரும் நிலையாக இங்கே தங்கவில்லை. துன்புறுத்தலும் நடந்தது. இத்தனைக்கும் பிறகு, 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், முதலூரிலும் நாசரேத்திலும் சபைகள் உயிரோடு இருப்பதைக் கண்டார். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களைத் தாங்கி நிறுத்தியது எது? உபதேசியார்களின் நினைவாற்றல், மனப்பாடமான செபங்கள், ஓலையில் எழுதி வைத்த பகுதிகள் ஆகியவை. நம்பிக்கைக்குப் புத்தகம் வேண்டும், ஆனால் வீட்டுக்கொரு புத்தகம் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

ஹஃப் கேட்டுக்கொண்டதன் பேரில் 1820இல் மிஷனெரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். தனியாளின் நினைவில் இருந்ததை ஓர் ஏற்பாடாக மாற்றியவர் அவர். டோனா பிரபு என்ற ஜெர்மானியர் அனுப்பிய பணத்தில் நாங்குநேரிக்கு மேற்கே டோனாவூர் எழுந்தது. 1830இல் தர்ம சங்கம் தொடங்கப்பட்டு, விரட்டப்பட்ட விசுவாசிகளைக் குடியமர்த்த நிலங்கள் வாங்கப்பட்டன. ஊருக்கு ஓர் உபதேசியார், ஒரு பள்ளி, ஒரு செபக்கூடம். பனையேறிவிட்டு வந்தவர்களும் களத்துவேலை முடித்தவர்களும் மாலை மணிக்குக் கூடுவார்கள். உபதேசியார் ஒரு பகுதியை வாசிப்பார், பின் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்பார். பதில் சொல்ல முடியாதவருக்கு மறுபடி வாசிக்கப்படும். பிரசங்கத்தை எழுத்தாணியால் ஓலையில் குறித்துக்கொள்ளும் வழக்கமும் திருநெல்வேலிச் சபைகளில் இருந்தது. காதில் விழுந்து நினைவில் நிற்க வேண்டிய வேதத்துக்கு ஓட்டமான தமிழ் வேண்டும் என்பதை ரேனியஸ் உணர்ந்திருந்தார். 1833இல் முடிந்த அவரது புதிய ஏற்பாட்டுத் திருத்தம் மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுவதைவிடச் சரளத்தை நாடியதற்கு இதுவே காரணம். பெப்ரீசியசின் பழைய மொழிபெயர்ப்பில் ஊறியவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. இரு தரப்பையும் இணைக்கும் முயற்சியாக ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த ஐக்கியத் திருப்புதலே, பிற்காலத் திருத்தங்கள் எத்தனையோ வந்தபின்னும், இன்றுவரை இவ்வூர்களின் ஆலயங்களில் ஒலிக்கிறது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூடிக் கேட்பதுதான் பலன் தந்தது என்றால், அந்தப் பலனுக்கு வேதாகமம் எதற்கு? நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயிலில் நம்மாழ்வாரின் பாசுரங்கள் பல நூற்றாண்டுகளாக ஓதப்பட்டும் விளக்கப்பட்டும் வருகின்றன. பக்கத்தில் சாமித்தோப்பில் தோன்றிய அய்யாவழியினர் 1841இல் எழுதப்பட்டதாகக் கொள்ளும் அகிலத்திரட்டு அம்மானையை ஏடு வாசிப்பாகக் கூடிக் கேட்கிறார்கள். சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகமோ, அய்யாவழியின் அய்யா வைகுண்டரைப் பின்பற்றியவர்களில் பெரும்பாலோரும் அன்று சாணார் எனப்பட்ட அதே சமூகம். இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு நிமிர்ந்து நிற்கும் தெம்பை அந்த ஏடும் கொடுத்தது. இந்த மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேட்டல் என்ற முறை கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த புதுமை அன்று, இந்த மண்ணின் பழக்கம். சபை அதன்மேல்தான் கட்டப்பட்டது. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் காதுக்கு அங்கே ஓதப்பட்டது எட்டியதில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு வேதம் விரித்து வைக்கப்பட்டதே பெரிய செய்தி. அடுத்து, கேட்டவரை வாசிப்பவராக்கும் கடமையைச் சபை பள்ளிக்கூடத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது, பெண்களையும் சேர்த்து. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லை இலக்கண ஆசிரியராக உலகம் அறியும். அவ்வூரார் வாழ்க்கையைத் திருப்பியதில், அவர் மனைவி எலிசா நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளிக்கு அந்த இலக்கணத்தைவிடப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு மறுப்பு பழையது: பஞ்சத்துக்கும் பாதுகாப்புக்கும் சேர்ந்தவர்களுக்கு வேதத்தால் விசுவாசம் வந்தது என்பது பூசிமெழுகல். 1877-78 பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் சபைகளை நாடியது உண்மை. நிலச்சுவான்தாரின் அடியாட்களுக்கு எதிராக மிஷன் துணை நிற்கும் என்ற எதிர்பார்ப்பும் உண்மை. மிஷனெரிகளே இதை மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் ஏன் உள்ளே வந்தார் என்பது ஒரு கேள்வி, வந்தபின் என்ன ஆனார் என்பது வேறொன்று. இரண்டாவதற்குச் சான்று தருபவர் நாசரேத்தின் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. கால்டுவெல் 1849இல் எழுதிய சாணார் பற்றிய நூல் தம் மக்களை இழிவுசெய்தது என்று கொதித்த அவர், 1857இல் மிஷனை விட்டு வெளியேறித் தனிச் சபை கண்டார். கையில் எடுத்த ஆயுதம் அதே வேதாகமம்தான். ஓய்வுநாள் சனிக்கிழமை, காணிக்கை முறைகள் லேவியராகமத்தின்படி என்று மிஷனெரிகளின் வேதத்தைக் கொண்டே மிஷனெரிகளைக் கேள்வி கேட்டார். சோற்றுக்காக மட்டும் வந்த கூட்டத்தில் இப்படியொரு வாசகர் முளைக்க மாட்டார், அவருக்குப் பின்னால் ஒரு சபையும் திரளாது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் அமையக் காரணமானவர்களில் ஒருவர். வேதத்தைப் பெற்றவர்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அதைச் சுமந்து செல்பவர்களானார்கள். அதே சமயம் வேதம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்வதும் பொய். வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இடிபடவில்லை. வாசித்த வேதம் அந்தச் சுவரைத் தானாகத் தள்ளிவிடவில்லை.

தனி வாசகர் என்ற சித்திரத்துக்குத் திருநெல்வேலி தரும் தலைசிறந்த உதாரணம் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்து, ஐந்தாண்டுகள் போராடி, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் விஷயத்தில் படிப்பின் பங்கு பெரிது, ஐயமில்லை. ஆனாலும் அவருக்கு முன்பே கிறிஸ்தவரான நண்பர்கள் கொடுத்த நூல்களும், அவர்களோடு நடத்திய நீண்ட விவாதங்களும் சேர்ந்தே அவரை அசைத்தன. கம்பனில் தோய்ந்த செவி இல்லையென்றால், பனியனின் கதையைத் தழுவி 1894இல் அவர் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ பிறந்திராது. தனியாகப் படித்தவர் என்று நாம் கொண்டாடும் மனிதரும், பலர் குரல்களைக் கேட்டுத் தேறியவரே.

தனிமையில் வாசித்துத் தேறும் பழக்கம் இவ்வட்டாரத்தில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில். வீடுதோறும் வேதாகமம் வந்தபின் அது இயல்பாயிற்று. 1901 முதல் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து முடங்கி, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். அங்கிருந்து அவர் எழுதியவை, நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதியவை என்பதால் பல நாடுகளில் வாசிக்கப்பட்டன. ஆனால் அந்த அறையைச் சுற்றி அவர் வளர்த்த பிள்ளைகளின் பாட்டும் செபமும் இருந்தன என்பதை அவருடைய வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்று சேகரங்களில் பெரிதும் நேசிக்கப்படுவது வாக்குத்தத்த வசனம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை எடுக்கிறார்கள், ஆண்டு முழுவதும் அது வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இது பூக்கட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது என்று போதகர்களிலேயே சிலர் குறைபடுகிறார்கள். 91ஆம் சங்கீதத்தைத் தாயத்துப்போல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோரும் உண்டு. குறை நியாயமானது. ஒரு வசனத்தை அது நிற்கும் அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுத்தால், எதிர்பார்த்தது நடக்காத ஆண்டில் அது வெறும் ஏமாற்றமாகிவிடும். எனினும் அந்த அட்டை தனியாகச் செயல்படுவதில்லை. அதே வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்தால், அக்கம்பக்கத்தார் மாலையில் கூடி, முழு அதிகாரமாக வாசித்து, பாடி, செபித்துவிட்டுத்தான் கலைகிறார்கள். இழப்பின்போது மக்கள் நம்பிக்கை வைப்பது அட்டையைவிட இந்தக் கூட்டத்தின்மீதுதான்.

கூட்டு வாசிப்பு இப்போது மெலிந்துவருகிறது. சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகள் போய்விட்ட வீடுகளில் குடும்ப செபம் இரண்டு முதியவர்களோடு நின்றுவிட்டது. கண் மங்கியவர்கள் அலைபேசியில் ஒலிவேதாகமம் கேட்கிறார்கள். கேட்டல் ஒருவகையில் திரும்பி வந்திருக்கிறது என்று இதைச் சொல்லலாம். ஆனால் வாசித்து முடித்தபின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதில் வராதவருக்கு மறுபடி வாசித்துக் காட்டிய உபதேசியாரின் வேலையை அந்தக் கருவி செய்வதில்லை. ரேனியஸ் காலத்துச் சபைகளை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு அந்த வேலைக்குத்தான்.