பெட்டியடிப் பையனும் பொட்டி தட்டுறவனும்

நமக்குத் தொழில் பொட்டி தட்டுறது. நூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்ப் பசங்க கடல் கடந்து போய் ஒரு 'பெட்டி' பக்கத்துல உக்காந்து வேலை கத்துக்கிட்டாங்கன்னு போன மாசம்தான் தெரிஞ்சது.

கூட வேலை பார்க்கிற நண்பனோட காரைக்குடிப் பக்கம் அவன் ஊருக்குப் போயிருந்தேன். அவனோட ஐயா (அங்க தாத்தாவை ஐயான்னுதான் கூப்பிடுறாங்க) தொண்ணூறை நெருங்கிட்டார். என் புது பைக்கைப் பத்தி விசாரிச்சார்.

"கடனா தம்பி?"

"ஆமாங்கய்யா. ஒரு லட்சம், மூணு வருஷம், 12 சதவீதம். மாசம் 3,778 ரூபா."

"அசல் குறையக் குறைய வட்டியும் குறையுதா, அப்படியே நிக்குதா?"

திருதிருன்னு முழிச்சேன். அவரே சொன்னார். "மூணு வருஷமும் முழு லட்சத்துக்கே வட்டி போட்டிருக்கான். பாதியைத் திருப்பிக் குடுத்தப்புறமும் முழுசுக்கும் கட்டுறீக. அவன் சொன்ன வட்டி மாதிரி ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி."

ராத்திரி எக்செல்ல போட்டுப் பார்த்தேன். 21 சதவீதம் தாண்டுது! பி.ஈ.-ல நாலு கணக்குப் பேப்பர் எழுதிப் பாஸ் பண்ணவன் நான். ஐயா எட்டாவது வரைக்கும்தான். எப்படின்னு கேட்டா, "எங்கப்பச்சி ரங்கூன்ல பெட்டியடிப் பையனா இருந்தவுக. அவுக சொல்லிக் குடுத்தது"ன்னார்.

சரி, மேட்டருக்கு வருவோம். அப்புறம் தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

அந்தக் காலத்துல முதல் படி திண்ணைப் பள்ளிக்கூடம். மணல்ல எழுத்து, அப்புறம் எண்சுவடி. முந்திரி 320-ல் ஒண்ணு, காணி 80-ல் ஒண்ணு, மா 20-ல் ஒண்ணு. மாவும் காணியும் சேர்ந்தா மாகாணி, அதாவது 16-ல் ஒண்ணு. அதுக்கே வீசம்னும் பேரு. இன்னிக்கும் "முக்காலே மூணு வீசம் பேரு"ன்னு சொல்றோமே, அது 16-ல் 15 பங்கு. நெல்லளக்க நெல்லிலக்கம், பொன்னுக்குப் பொன்னிலக்கம், நிலத்துக்குக் குழிமாத்து. மனப்பாடம்தான், ஆனா எல்லாமே சந்தையிலயும் களத்துமேட்டுலயும் அன்னாடம் புழங்குற கணக்கு.

நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகள்ல கதை அதோட முடியல. எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய சாதிகளைப் பத்தித் தொகுத்து 1909-ல் வெளியிட்ட புத்தகத்துல எழுதியிருக்கார். குழந்தை பிறந்ததுமே அதன் படிப்புக்குன்னு ஒரு தொகையை ஒதுக்கி வட்டிக்கு விடுவாங்களாம். பத்துப் பன்னிரண்டு வயசுல பையன் கணக்கு கத்துக்க ஆரம்பிப்பான். அதுல பல பேர் தொழில் பழகப் போறது இன்னொரு நகரத்தாரோட கடைக்கு! எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். அப்பா கடைன்னா செல்லம். அடுத்தவர் கடையில தப்பு பண்ணினா அது அடுத்தவர் காசு.

ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர்னு கிளைகள். சிங்கப்பூர்ல மார்க்கெட் தெருவுல 'கிட்டங்கி'ன்னு நீளமான கூடம். ஒரே கூரைக்குக் கீழ பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் கொஞ்சூண்டு தரை, ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டிதான் ஆபீஸ், அதுதான் மேசை. அதுக்கிட்ட எடுபிடியா நிக்கிறவன்தான் பெட்டியடிப் பையன். பெருக்கணும், தபால் கொண்டு போகணும், கடன்காரர்கிட்ட நடக்கணும், பேரேடு எழுதுறதைப் பார்த்துப் பழகணும். தேறினா அடுத்தாள். அப்புறம் ஏஜெண்டு. மூணு வருஷம் ஒரு கணக்கு, முடிச்சாத்தான் ஊருக்கு. (நம்ம கம்பெனி பாண்டெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.) ரங்கூன்ல மாசாமாசம் கோவில்ல கூடி 'நடப்பு வட்டி' எவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க. வட்டிங்கிறது எங்கேயோ அச்சடிச்சு வர்ற நம்பர் இல்ல, மனுஷங்க உக்காந்து பேசி வைக்கிறதுன்னு அந்தப் பையன் கண்ணால பார்த்திருப்பான். எனக்கு 27 வயசு வரைக்கும் அது தெரியாது.

இதை ஆஹா ஓஹோன்னு முடிச்சிடலாம். ஆனா மிச்சக் கதையும் இருக்கு. இந்தப் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க கிடையாது, மத்த சாதிப் பசங்க கிடையாது. அதோட 1930 வாக்குல அரிசி விலை படுத்துச்சு, பர்மா விவசாயிகளால கடனைக் கட்ட முடியல. அடமானம் வச்ச வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்துச்சு. கீழ்ப் பர்மாவுல நெல் விளையுற 13 முக்கிய மாவட்டங்கள்ல 1930-ல் 6 சதவீத விளைநிலம் அவங்க கையில இருந்தது, 1938-ல் 25 சதவீதம். அவங்க நிலம் கேட்கல, பணம்தான் கேட்டாங்க. ஆனா நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? 1942-ல் ஜப்பான் படை வந்ததும் பெட்டியும் பேரேடும் போட்டது போட்டபடி ஓடிவந்தாங்க. 1948-ல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்க சட்டம் கொண்டுவந்துச்சு.

ஐயாகிட்ட இதையும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்கப்பச்சி கடைசி வரைக்கும் பர்மாக்காரனைத் திட்டுனதே இல்ல தம்பி. அவன் பக்கத்துக் கணக்கை நாங்க எழுதலைன்னு மட்டும் சொல்லுவாக"ன்னார்.

இன்னிக்கு ஸ்கூல் பசங்களுக்குப் பணத்தைப் பத்திச் சொல்லிக் குடுக்கணும்னு எல்லாரும் பேசுறோம். கண்டிப்பா குடுக்கணும். நிஜக் காசு, நிஜக் கடை, சின்னச் சின்னத் தப்புன்னு பழக்கணும். கூடவே, கடன் வாங்குறவன் இடத்துல ஒரு நாள் உக்கார வச்சும் பழக்கணும்.

நான் இப்ப அந்த இடத்துலதான் உக்காந்திருக்கேன். இன்னும் 22 தவணை பாக்கி :-)